தாடியை எடுத்துவிட்டு வந்தவர்

புற்றுநோய்ப் பிரிவில் எல்லோரும் அவளை முகமூடி அக்கா என்பார்கள். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை நோயாளியின் முகத்தில் அழுத்தி அச்செடுப்பது அவள் வேலை. அந்த முகமூடியோடு ஸ்கேன் எடுத்துத்தான் கதிர் எங்கே பாய வேண்டும் என்று முடிவு செய்வார்கள். பிறகு ஒவ்வொரு நாள் சிகிச்சைக்கும் அதே முகமூடிதான்; தலை இம்மியும் அசையக் கூடாது.

தொண்டைப் புற்றோடு வந்த முடிதிருத்துபவருக்கு அச்செடுத்தபோது தாடி மண்டிக் கிடந்தது. நோய் தெரிந்ததிலிருந்து அவர் தன் முகத்தைத் தொடவே இல்லை.

"எல்லாம் முடியுற வரைக்கும் தாடியில கை வைக்காதீங்கண்ணே" என்று சொல்லித்தான் அனுப்பினாள். தொழில் புத்தி யாரை விட்டது? சிகிச்சை தொடங்கும் நாளில் மழமழவென்று வந்து நின்றார். முகமூடி லொடலொடவென்று ஆடியது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"பரதேசி மாதிரி டாக்டர் முன்னாடி வந்து படுக்க மனசு வரலம்மா. என் தொழிலுக்கே கேவலம்."

இனி புது அச்சு, புது ஸ்கேன், புதுக் கதிர்க் கணக்கு.

"ஒரு வாரம் பொறும்மா. வளந்துடும், இதையே போட்டுக்கலாம்."

அவள் திரையில் இருந்த கட்டியைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் தாடி மட்டுமா வளரும்? வெந்நீர்த் தொட்டியின் ஸ்விட்சைப் போட்டாள்.