புகை கண்டு ஓடிவந்தவர்கள்

கொலோனிலிருந்து விடிகாலை ரயில். ஹனோவரில் மாறி இன்னும் நாற்பது நிமிடம். கோதுமை வயலை நடுவே அறுத்துக்கொண்டு ஒரு புதுத்தெரு. சாம்பல் கூரைகள், முளைக்காத புற்றரை, கயிற்றைப் பிடித்து நிற்கும் மெலிந்த மரக்கன்றுகள். சில வருடங்களுக்கு முன் இங்கே முயல்கள்தான் குடியிருந்தனவாம். இப்போது நூறு வீடு. அதில் ஒன்று என் நண்பர் சிவம் அண்ணையுடையது.

"முப்பது வருசம் வாடகை வீடு. ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் நல்ல பேரோட இந்தப் புதுவீட்டில குடிபூரோணும், அவ்வளவுதான்," என்றார்.

புதன்கிழமை காலை பத்து மணி, பஞ்சாங்கம் பார்த்த சுபநேரம். ஐயர் வரவேற்பறையில் ஹோமம் வளர்த்தார். கூரையிலிருந்த, புகை பட்டால் அலறும் கருவிகளை அண்ணை முதல்நாளே கழற்றியிருந்தார். ஜெர்மனியில் குடிபூரும் தமிழருக்கு அது அரிச்சுவடி. புகை போக மேல்மாடி ஜன்னலைத் திறந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் தீயணைப்புக்கு அழைத்துவிட்டாள்.

ஊர்ச் சங்கு அலறியது. ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையின் சிவப்பு வண்டி வாசலில் நின்றது. ஐந்து பேர் குதித்தார்கள். ஒருவர் முழங்கையில் ரொட்டி மா. தலைவி, பாலர் பாடசாலை ஆசிரியை, பிள்ளைகளை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். தெருவே வெளியில் நின்று பார்த்தது. அண்ணையின் முகம் கறுத்தது. கேசரித் தட்டை நீட்டினார்.

அவள் திட்டவில்லை. கேசரியைச் சாப்பிட்டபடி ஜெர்மன் மொழியில் சொன்னாள்: "எங்களுக்குச் சம்பளம் இல்லை, வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறோம். ஆறு பேராவது இல்லாமல் எரிகிற வீட்டுக்குள் நுழைவதில்லை. ஊர் வளர்ந்துவிட்டது, நாங்கள் அதே ஆட்கள்தான். இந்தத் தெருவிலிருந்து ஒருவரும் சேரவில்லை. பகலில் வீட்டில் இருப்பவர்கள் யாராவது உண்டா?"

அதே தெருவில் வீடு வாங்கிய தமிழர் ஐந்தாறு பேர் அங்கிருந்தார்கள். பாதிப்பேருக்கு இரவு வேலை, பகலில் வீட்டில்தான்.

"சம்பளமில்லாத வேலைக்கு ஆரண்ணை போறது?" என்றார் ஒருவர் தமிழில். சிரித்தோம். நானும்தான். சொல் புரியாவிட்டாலும் சிரிப்பு அவளுக்குப் புரிந்திருக்கும்.

அண்ணையின் மனைவி வசந்தி அக்கா குசினியிலிருந்து கை துடைத்தபடி வந்தார். "நான் வரலாமா? எனக்கு ஐம்பத்திரண்டு வயது," என்று ஜெர்மனில் கேட்டார்.

"வியாழன் மாலை பயிற்சி. வாருங்கள்."

கேலி பேசியவர் விடவில்லை. "சாறியோடையோ அக்கா ஏணியில ஏறப் போறியள்?"

"உம்மட வீடு பத்தி எரியேக்க ஆர் வாறதெண்டு பாரும்."

பின்னேரம் அண்ணை என்னை ரயில் நிலையத்தில் விட்டார்.

"அக்கா உண்மையாப் போவாவோ அண்ணை?"

"ஓம், போவா." என் பையை எடுத்துத் தந்தார். "ஆக்களுக்கு முன்னால புகையால வந்த வெட்கம் நாளைக்குப் போயிடும். அவ வாறன் எண்டு சொல்லேக்க நானும் வாறன் எண்டு வாய் திறக்காமல் நிண்டன். அதுதான் போகாது."

ரயில் ஏறினேன். நெருப்பணைக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் பெருநகரத்துக்கு, என்னிடம் யாரும் எதுவும் கேட்காத ஊருக்கு, அது என்னைத் திருப்பிக் கொண்டுபோனது.