சத்தமில்லாத மோட்டாரும் ஒரு வாளித் தண்ணீரும்

டாக்டரே, நீர் பொய் சொல்லவில்லை; உம்முடைய மோட்டார் எங்கே ஓடியது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டீர். புதுச் சரக்கு விற்கிறவன் பிழைப்பு இதுதான்: கண்டுபிடித்தவருக்குப் பொன்னாடை, விற்றவனுக்கு வசவு. என்னைப் போல வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக வியாபாரிகளே, நடந்ததைக் கேளுங்கள்.

தொட்டிக்குள் கடல்

நான் கொருக்குப்பேட்டையில் பழைய பேட்டரி வாங்கி விற்று ஆளானவன். மீன்பிடிப் படகை டீசல் இல்லாமல் பேட்டரியில் ஓட்டும் மோட்டாரை ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் ஒருவர் செய்திருக்கிறார், எண்ணூர் பக்கம் விற்க ஆள் தேடுகிறார் என்றார்கள். போனேன். ஏசி அறை, கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர். மோட்டார் ஜம்மென்று சுற்றியது. “அலை அடித்தால்?” என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார்.

“அலை அடுத்த பிராஜெக்ட்டுங்க.”

முதல் கிராக்கி

எண்ணூரை ஒட்டிய மீனவர் குப்பமான நெட்டுக்குப்பத்தில் எவனும் மசியவில்லை. கடைசியில் ஏழுமலை என்ற மீனவரிடம் காலையில் ஆரம்பித்த பேரம், வெயில் ஏறியும் முடியவில்லை. “நின்னுபோனா என் சட்டையப் பிடிய்யா!” என்று கத்தியேவிட்டேன். மனிதர் அன்றைக்கே டீசல் இஞ்சினைக் கழற்றி மச்சானுக்கு விற்றுவிட்டார். இனி அவர் வீட்டு அடுப்பு என் மோட்டாரை நம்பித்தான் எரிய வேண்டும். “மோட்டார அவ்ளோ நம்பிட்டியா?” என்று கேட்டேன்.

“மோட்டார எவன் நம்புனான் நைனா? ஏமாத்துறவன் இப்டியா கத்துவான்? அதான் வாங்குறேன்.”

பூனை மாதிரி

முதல் நாள் படகு அருமையாக ஓடியது. புகை இல்லை, சத்தம் இல்லை. அதுதான் வினை. அங்கே இஞ்சின் சத்தத்தை வைத்தே இன்னார் படகு வருகிறதென்று வீட்டுக்குள் இருந்தபடி சொல்லிவிடுவார்கள். ஏழுமலையின் மனைவி கஸ்தூரியும் அதைக் கேட்டுத்தான் கூடையோடு ஓடிவந்து ஏலத்தைத் தொடங்குவார். அன்று எதுவும் காதில் விழவில்லை. அவர் வந்தபோது வியாபாரிகள் வேறு படகு மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டருக்குப் போன் போட்டால், “சத்தமின்மைதான் எங்கள் சாதனை” என்கிறார். மறுநாளிலிருந்து ஏழுமலை சோற்றுச் சட்டியைத் தட்டிக்கொண்டே கரைக்கு வந்தார். கஸ்தூரி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இருவது படகு வந்தாலும் எங்க வூட்டுக்காரரு சத்தம் எனக்குத் தெரியும்ணே. இப்ப மனுசன் பூன மாரி வந்து நிக்கிறாரு. இருந்த சத்தத்த இன்னாத்துக்குப் புடுங்குன?”

குளியல்

கடலுக்குப் போய்வந்த இஞ்சினை நல்ல தண்ணீர் ஊற்றி உப்புப் போகக் கழுவுவது அங்கே வழக்கம். ஏழுமலை அதே பாசத்தோடு பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு வாளி ஊற்றினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். அந்த மோட்டார் போட்ட முதல் சத்தமும் கடைசிச் சத்தமும் அதுதான். டாக்டரைக் கேட்டால், ஈரம் படக்கூடாதென்று கையேட்டின் ஆறாம் பக்கத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கிறதாம், வாரண்டி கிடையாதாம். ஏழுமலையிடம் சொன்னேன். என் சட்டையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்கூடத் தேவலை.

“கடல்லேர்ந்து வந்தத குளிப்பாட்டாம வூட்டாண்ட சேப்பாங்களா நைனா?”

இன்று அவர் படகு மணலில் கவிழ்ந்து கிடக்கிறது; அவர் இன்னொருத்தர் படகில் கூலிக்குப் போகிறார். ஆகவே டாக்டரே, தொட்டியை விட்டு எழுந்து நெட்டுக்குப்பம் வாரும். வாளித் தண்ணீருக்குச் சாகாத ஒரு பேட்டரிப் பெட்டியைப் போட்டு, கஸ்தூரி காதில் விழுகிற மாதிரி அந்தப் படகை ஓட்டிக் காட்டிவிட்டு, அப்புறம் போய்ப் பொன்னாடையைப் போர்த்திக்கொள்ளும்.