புழு அடை

கூலிக்கு வந்த மாந்தோப்பில் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தபோது, கிளையில் தேனீக் கூட்டமொன்று பந்தாய்த் தொங்கி இரைந்துகொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில், கம்பம் ஊரில் என் தங்கை பிறந்த அன்றும் இதே இரைச்சல்தான். குழந்தையின் நாக்கில் சேனை வைக்கத் தேன் வேண்டுமென்று, அய்யா எங்கள் வீட்டுச் சுவரில் பதித்த பானையிலிருந்த அடுக்குத்தேனீக்களின் அடை முழுவதையும் அறுத்துவிட்டார். ஈக்கள் வெளியேறி முருங்கையில் தொங்கின.

"புழு அடையையுமா அறுத்தீக? புள்ளைக இல்லாத வீட்டுல அதுக எதுக்கு இருக்கும்? அதுக திரும்புனாத்தேன் எனக்குக் கஞ்சி" என்று பாயில் கிடந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அய்யா குஞ்சுப் புழுக்கள் நெளிந்த அந்த அடையை வாழைநாரால் கட்டிப் பானைக்குள் தொங்கவிட்டார். ஈ கொட்டியதில் அவருக்கு ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மாலைக்குள் ஈக்கள் கூட்டமாய்ப் பானைக்குள் நுழைந்தன.

அய்யா கஞ்சிச் சட்டியோடு அம்மாவின் அருகில் உட்கார்ந்தார்.

"ஒத்தக் கண்ணால பாத்தேன், அம்புட்டும் உள்ள போயிருச்சுக. நீ குடி ஆத்தா."