நெருங்கி உக்காருங்க

குற்றம் யாருடையது, தவறாகச் சொன்னவனுடையதா, கேட்டும் திருத்தாமல் விட்டவளுடையதா? பைந்து கல்லோனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழும். அவளைப் பெரிதாகப் புகழ மாட்டேன். நல்ல ஆசிரியை, அவ்வளவுதான்.

எபோலாவால் பள்ளிகள் மூடிய வருடம், எங்கள் கெனிமா நகரில் வானொலிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவளைப் போட்டார்கள். முகம் தெரியாத பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது, கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு பொறுப்பது என்று சொல்லிக்கொடுப்பாள். ஹெட்போனில் பதிவைக் கேட்டுச் சரி சொல்வதும் அவள்தான்.

லஹாய் என்ற இளம் ஆசிரியன் மைக்கைக் கண்டாலே விறைத்துப்போவான்.

"கல்யாண வீட்டுல மைக்க விடமாட்டே. இங்க என்ன வந்துச்சு?"

"அங்க பதில் சொல்ல ஆள் இருக்கும்க்கா."

"வகுப்புன்னு நெனச்சுக்க."

நினைத்துக்கொண்டான். பெஞ்சு போதாத எங்கள் பள்ளிகளில் எல்லா ஆசிரியர்களும் தினமும் சொல்வதையே சொல்லித் தொடங்கினான்: "நெருங்கி உக்காருங்க, பின்னால வர்றவங்களுக்கு இடம் விடுங்க."

ஒருவரையொருவர் தொடக்கூடாத காலம் அது. பைந்துவுக்கும் தெரியும். ஆனால் அன்றுதான் அவன் குரலில் உயிர் வந்திருந்தது. பதிவறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சரி என்று தலையாட்டினாள்.

ஊருக்கு வெளியே ஒரு முற்றத்தில், ஒரே வானொலியைச் சுற்றிப் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி காய்ச்சலில் இறந்தாள்.

மேலதிகாரி கூட்டம் போட்டார். "இத யார் சொன்னது?"

"லஹாய்," என்றாள் பைந்து. பொய்யில்லை, பாதி உண்மை. அவனை நீக்கினார்கள்.

பிறகு சுகாதாரக்காரர்கள் விசாரித்ததில், சிறுமிக்கு நோய் ஒட்டியது இறந்துபோன அத்தையின் உடலைக் குளிப்பாட்டிய வீட்டில் என்று தெரிந்தது. வானொலிக்கு அதில் பங்கில்லை. லஹாயைத் திரும்ப அழைத்தார்கள்.

"தப்பிச்சோம்க்கா," என்று சிரித்தான்.

"நான் கேட்டுட்டுத்தான் விட்டேன், லஹாய். கூட்டத்துல சொல்லல."

"தெரியும்க்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்க தலையாட்டினத பாத்தேனே."

சிறுமியின் சாவு தன்னால் இல்லை என்பது அவளுக்கு ஆறுதல் தரவில்லை. தன்னால்தான் என்று நம்பியிருந்த நாளிலேயே அவள் அவனைக் கைகாட்டியிருந்தாள்.

கொரோனாவில் பள்ளிகள் மறுபடி மூடின. பழையபடி அவளையே பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். வரமாட்டாள் என்று ஆசிரியர்கள் நாங்கள் நினைத்தோம். வந்தாள். ஹெட்போனை எடுத்து லஹாயிடம் நீட்டினாள்.

"நீ கேட்டுச் சொல்லு. நான் பேசுறேன்."

மைக்கின் முன் போய் உட்கார்ந்தாள்.