நகராத வளையல்கள்

லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்கோ என்கிற இதய ஸ்கேன் பார்க்கும் டாக்டராக இருந்தேன். யாராவது ‘நார்மல்’ என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன்.

சுமதிக்கு எட்டாம் மாதம், தலைப்பிரசவம். மூச்சு வாங்குகிறது என்று மகப்பேறு டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துப்போக அவள் அம்மா திருப்பத்தூரிலிருந்து வந்திருந்தார்.

“சாயங்காலம் பஸ்ஸு மேடம். டிக்கெட் போட்டாச்சு. சீக்கிரம் பாத்து அனுப்புங்க.”

எக்கோவுக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். வளைகாப்பு முடிந்த பெண்கள் அப்படித் தூக்கினால் கண்ணாடி வளையல்கள் சலசலவென்று முழங்கைப் பக்கம் இறங்கும். சுமதியின் வளையல்கள் அசையவே இல்லை. சதைக்குள் பதிந்து கிடந்தன.

“எப்பலேந்து இந்த வீக்கம்?”

“புள்ளத்தாச்சின்னா வீங்கத்தானே செய்யும்?” மகளை முந்திக்கொண்டார் அம்மா.

திரையில் இதயம் நன்றாகத்தான் சுருங்கியது. ஆனால் விரிவதில் ஒரு தயக்கம். சுவரும் கொஞ்சம் தடித்திருந்தது. கர்ப்பத்தில் ரத்தக்குழாய்கள் தளர வேண்டும். இங்கே அவை இறுகிப்போய், அவற்றோடு இதயம் மல்லுக்கு நிற்பதாகப் பட்டது. பிபியும் ஏறியிருந்தால் ப்ரீ-எக்லாம்ப்சியா என்கிற கர்ப்பகால நோய். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

“நூத்தி முப்பத்தாறுக்கு எண்பத்தாறு. நார்மல் இதெ மேடம்” என்றாள் நர்ஸ் மஞ்சுளா, பாதி கன்னடத்தில்.

நேரத்தை மிச்சம் பிடிக்க எங்கள் ரூமில் ஒரு பழக்கம். ஒருக்களித்துப் படுத்திருக்கும்போதே, மேலே இருக்கும் வலது கையில் பிபி பட்டையைச் சுற்றிவிடுவார்கள். கை இதயத்தைவிட உயரத்தில் இருந்தால் பிபி குறைத்துத்தான் காட்டும். அட கடவுளே, இதை நம்பியா பஸ் ஏற்றுவது?

சுமதியை எழுப்பி, நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து நானே பார்த்தேன். நூற்று ஐம்பத்திரண்டுக்கு நூறு. மறுபடி பார்த்தாலும் அதேதான். பிபி ரொம்ப அதிகம், இன்றைக்குப் பஸ் வேண்டாம் என்றேன்.

அம்மா வெடித்தார். “படுத்தா ஒண்ணு, உக்காந்தா ஒண்ணா? எம்பொண்ண இங்கியே புடிச்சுவெச்சு ஆபரேஷன் பண்ணப் பாக்கறீங்க!”

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னை நம்ப வேணாம்மா. உங்க பொண்ணையே கேளுங்க. சுமதி, தலை வலிக்குதா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். “ரெண்டு நாளா மண்டை பொளக்குது மேடம். கண்ணுல பூச்சி பறக்குது. சொன்னா ஊருக்கு விடமாட்டீங்கன்னுதான்...”

அம்மா பஸ் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். யூரினில் புரதமும் போயிருந்தது. அன்றே அட்மிட் செய்தோம். மருந்துக்கும் பிபி அடங்கவில்லை; ஆபரேஷனுக்கு முன் வளையல்களைக் கழற்றச் சொன்னதும், “ஒடைச்சிடாதீங்க தாயி” என்று சோப்பு நுரை போட்டு ஒவ்வொன்றாக அம்மாவே உருவி எடுத்தார்.

பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் தொண்டை பெரிது.

இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘நார்மல்’ என்று காதில் விழுந்தால், எப்படிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

சில வாரம் கழித்து சுமதி மறுபடி எக்கோவுக்கு வந்தாள். மஞ்சுளா பட்டையோடு நெருங்கியதும், பேத்தியைக் கையில் ஏந்தியிருந்த அம்மா குறுக்கே வந்து நின்றார்.

“இருங்க சிஸ்டர். மொதல்ல அவ ஒக்காரட்டும். கை நெஞ்சு மட்டத்துல இருக்குதான்னு பாத்துட்டு அப்பறம் காத்தடிங்க.”