தங்கமணி கட்டிய லோரி

தங்கமணிக்குச் சோறு போடுவது பல். தூக்கத்தைக் கெடுப்பது லோரி. பகலெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் லேப்பில் உட்கார்ந்து யார் யாருக்கோ பொய்ப்பல் செட் செதுக்குவாள். வேலை விட்டதும் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்கு வந்து, குழம்பைக் கூட்டி இறக்கிவிட்டு, சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டு லோரி கட்டுவாள். முழங்கை நீளம்கூட வராத லோரி. ஆனால் கதவு திறக்கும், முன்சக்கரம் திரும்பும், கேபினைச் சாய்த்தால் உள்ளே இன்ஜின் இருக்கும். லேப்பில் தேய்ந்துபோன ட்ரில் முனையும், பல்லிடுக்கைக் கிளறும் கொக்கியும்தான் அவளுக்கு ஆயுதம். ஐம்பதை நெருங்குகிற பொம்பளைக்கு இதென்ன விளையாட்டு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அரிசிமணி அளவில் ஒரு கதவுக் கைப்பிடியைச் செய்து காட்டிவிட்டு வந்து கேட்கட்டும், பதில் சொல்கிறேன்.

அப்படிக் கேட்கிறவர்களில் முதல் ஆள் அவள் வீட்டிலேயே இருந்தான். புருஷன் வாசு. துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றி செமினி, காஜாங் என்று ஊர் ஊராக இறக்கிவிட்டு வருகிற லோரி டிரைவர். அவள் கட்டிய ஜெர்மன் லோரியும் ஜப்பான் லோரியும் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்றன. அவன் அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடிப்பான்; ஒரு பார்வை கிடையாது. "பொம்மைக் கடை வெச்சிருக்கா" என்று சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவளுடைய கண்காட்சி ஒன்றுக்குக்கூட அவன் வந்ததில்லை. அது அவளுக்கு உள்ளுக்குள் சுருக்கென்று குத்திக்கொண்டேதான் இருந்தது, வெளியே சொன்னதில்லை.

வாசுவைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்கும் ஒரு பைத்தியம் உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், கம்பெனி யார்டில் நிற்கிற தன் லோரியைக் கழுவியே தீருவான். மழை பெய்தாலும் கழுவுவான். வெள்ளிக்கிழமை காலையில் கண்ணாடியில் மல்லிகைச் சரம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம், அப்புறம்தான் சாவியைத் திருப்புவான். "என் லோரி, என் லோரி" என்று வாய் ஓயாது. பேச்சுக்குத்தான் அவன் லோரி. ரோட் டேக்ஸில் இருப்பது முதலாளியின் பெயர்.

ஆக, பைத்தியத்துக்கும் பைத்தியத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பார்ப்போமே என்று தங்கமணி இறங்கினாள். இந்த வருஷ மாடல் வண்டிப் போட்டிக்கு அவன் லோரியைத்தான் கட்டுவது என்று முடிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் யார்டுக்குப் போய், பாய் விரித்து லோரிக்கடியில் படுத்து, டேப் வைத்து அளந்தாள். போனில் படம் படமாக எடுத்துத் தள்ளினாள். வாசு முதலில் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு வாரத்தில் அவனே டார்ச் பிடித்தான். அடுத்த வாரம், "பம்பர்ல இடது பக்கம் ஒரு சொட்டை இருக்கு மணி, அதையும் போட்ரு" என்றான். போட்டி நெருங்க நெருங்க அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "சனிக்கிழமை என் லோரி கே.எல். மால்ல நிக்குது, எல்லாரும் வந்துருங்க" என்று யார்டு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டான். முதலாளியைக்கூட விடவில்லை. இந்தத் தடவை புருஷன் வந்து தன் மேசைக்குப் பக்கத்தில் நிற்பான் என்ற நினைப்பே தங்கமணிக்குப் பாதிப் பரிசு.

மீதிப் பரிசுக்கும் அவள் வழி வைத்திருந்தாள். இந்தக் கலையில் வெதரிங் என்று ஒன்று உண்டு. கட்டி முடித்த புது வண்டியை வெயிலும் மழையும் பார்த்த வண்டியாக்குவது. துரு, சேறு, எண்ணெய்க் கசிவு எல்லாம் வண்ணத்தில் கொண்டுவருவது. அதில்தான் நடுவர்கள் சொக்கிப்போவார்கள். மாடல் கட்டுகிறவர்கள் சங்கத்தை நடத்துகிற ஜாகிர், கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற தம்பி, ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான்: "அக்கா, வெதரிங் இல்லன்னா ஜட்ஜ் திரும்பிக்கூட பாக்கமாட்டாங்க லா. அதுல உங்கள அடிச்சிக்க ஆள் இல்ல." உண்மைதான். அழுக்கில் அவள் ராணி. பந்திங் பக்கம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணை எடுத்து வந்து, துணியில் சலித்து மாவாக்கி, டர்பன்டைனில் குழைத்துத் தீற்றினாள். எண்ணெய் டாங்கியில் துரு ஒழுகியது. கதவுக்குக் கீழே சேறு வாரியடித்திருந்தது. நிஜமாகவே ஒரு மழைக்காலம் முழுக்க ஓடிய லோரி மாதிரி வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கை செய்ததில் அதுதான் உச்சம் என்று அவளுக்கே தெரிந்தது.

போட்டிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாசு வேலை முடிந்து வந்தான். மேசை நடுவில் லோரி. அவன் குனிந்து பார்த்தான். முகம் மெல்ல மெல்லச் சுண்டிப்போனது.

"இது யாரு லோரி?"

"உங்களதுதாங்க. நம்பரைப் பாருங்க."

"நம்பர் என்னுது. என் லோரி எப்ப இப்படி இருந்துச்சு?"

"இதுக்குப் பேரு வெதரிங். இதுக்குத்தான் மார்க் போடுவாங்க."

"பேர் வெச்சிட்டா அழுக்கு சுத்தமாயிருமா?" குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவளை இன்னும் கலக்கியது. "யார்டுலேருந்து சின்னையா வர்றான். முதலாளி வர்றாரு. வாசு லோரிய இந்த லட்சணத்துலதான் வெச்சிருக்கான்னு நாலு பேரு பாக்கணுமா? நான் வரல மணி. நீ போயிட்டு வா."

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். தங்கமணிக்கு வந்ததே கோபம். கலை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான் என்று பாத்திரங்களை உருட்டினாள். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிரூபித்துவிடத்தான் போனை எடுத்து, தான் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எங்கேயாவது ஒரு பொட்டுத் துரு இருக்கும், காட்டிவிடலாம் என்று.

இல்லை. ஒன்றில்கூட இல்லை. டாங்கி வெள்ளிக் குடம் மாதிரி மின்னியது. மழை நாளில் எடுத்த படத்தில்கூடக் கதவில் முகம் பார்க்கலாம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆணிக்கு ஆணி அளந்தவள், அழுக்கை மட்டும் யூடியூபில் எவனோ வெள்ளைக்காரன் சொன்னபடி பூசிவிட்டிருந்தாள். லேப்பில் பல் கட்டும்போது அப்படிச் செய்வாளா? ஒருவர் வாயில் இல்லாத கறையை அவள் ஒரு நாளும் வைத்ததில்லை. கட்டிய புருஷனின் லோரியில் வைத்துவிட்டாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

நல்லவேளை, கடைசி வார்னிஷ் இன்னும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அழுக்கு உள்ளேயே இறுகிப்போயிருக்கும். இப்போதைக்கு டர்பன்டைன் தொட்டால் வந்துவிடும். ஆனால் துடைத்தால் போவது அழுக்கு மட்டுமா? பரிசும் போகும், தன் கையின் உச்சமும் போகும். அவள் கொஞ்ச நேரம் லோரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு கிண்ணத்தில் டர்பன்டைனை ஊற்றி, பஞ்சு சுற்றிய குச்சிகளை எடுத்து வைத்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. உங்க லோரிய நீங்களே கழுவுங்க."

ஈரத் தலையோடு வந்த வாசு கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் கதவிலிருந்து ஆரம்பிக்கப் போனாள்.

"மேலேருந்து வா மணி. கீழ கழுவிட்டு மேல கழுவினா அழுக்கு திரும்ப இறங்கும்."

கேபின் கூரை, கண்ணாடி, கதவு, டாங்கி என்று யார்டில் கழுவுகிற அதே வரிசை. வாழைப்பழம் மாதிரி விரல்களை வைத்துக்கொண்டு அவன் பக்கக் கண்ணாடியை ஒடிக்கப் பார்த்தான். அவள் அவன் கையில் ஓர் அடி வைத்தாள். சேறு விலக விலக உள்ளே இருந்தது வெளியே வந்தது. டேஷ்போர்டில் முருகன் படம். சீட்டின் முதுகில் அவனுடைய நீலத் துண்டு. பம்பரில் அவன் சொன்ன சொட்டை. கடைசியில் வண்டியைத் திருப்பி இடதுபக்கப் படிக்கட்டைத் துடைத்தவனின் கை அப்படியே நின்றுவிட்டது. படிக்கு அடியில், தலைமுடி கனத்தில், ஒரு வெல்டிங் தழும்பு.

"இது எனக்கும் வெல்டிங்காரனுக்கும்தான் தெரியும். நீ எப்ப பாத்த?"

"அடியில படுத்திருந்தேன்ல. அப்ப."

வாசு அந்தத் தழும்பை மட்டும் மறுபடி மறுபடி துடைத்தான். அவள் டயருக்கு வந்தபோது கையைப் பிடித்துத் தடுத்தான். "அத விடு. ஓடுற லோரி. டயர்ல மண் இருக்கணும்."

மறுநாள் மாலில் ஜாகிர் லோரியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தான். "என்ன லா அக்கா, கழுவிட்டீங்களா?"

"நான் மட்டும் இல்ல தம்பி. அவரும்."

சுற்றிலும் துருப்பிடித்த ஜீப்பும், சேற்றில் புதைந்த டிராக்டரும், இற்றுப்போன பஸ்ஸும். நடுவில் இவள் லோரி, வெள்ளிக்கிழமை காலை பூஜைக்கு நிற்கிற மாதிரி பளிச்சென்று. நடுவர் ஒருவர் நின்று பார்த்தார், தலையாட்டினார், எழுதினார், நகர்ந்துவிட்டார். முதல் பரிசு ஓர் இழுவை வண்டிக்குப் போனது. உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை துரு. வேலை அருமை, குறை சொல்ல முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும்கூட இவளுக்கு இல்லை. தங்கமணி கை தட்டினாள். வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய்.

அப்போது யார்டு கூட்டம் வந்து சேர்ந்தது. முன்னால் வாசு, இஸ்திரி போட்ட சட்டையில். பின்னால் சின்னையாவும் இன்னும் நாலைந்து டிரைவர்களும், கடைசியில் முதலாளியும். எல்லாரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் துண்டைக் கண்டுபிடித்துச் சிரித்தான். இன்னொருவன் போனில் வெளிச்சம் அடித்து இன்ஜினைப் பார்த்து வாயைப் பிளந்தான். சின்னையா நிமிர்ந்து வாசுவின் முதுகில் தட்டினான்.

"உன் லோரி அப்படியே இருக்குடா வாசு."

வாசு தங்கமணியின் பக்கத்தில் வந்து, தோளோடு தோள் படுகிற மாதிரி நின்றான். முதலாளி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் குரலைக் குறைக்கவில்லை.

"யார்டுல நிக்கிறது முதலாளி லோரிடா. இது என் பொண்டாட்டி லோரி."