அட்டையில் இல்லாத நோய்

என் மேசை இழுப்பறையில் ஒரு மஞ்சள் அட்டை கிடக்கிறது. மேலே நீல மையில் ஒரு நோயாளியின் கதை. அடியில் ஒரு வரி மட்டும் சிவப்பில். இரண்டும் என் கையெழுத்துதான். ஆனால் சிவப்பு வரியை எழுதவைத்தவர் எங்கள் ஆயாம்மா.

திண்டிவனம் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நோயாளியின் கதையை அட்டையில் படித்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து விவாதித்தால் போதும் என்பது என் கட்சி. ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து, அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்க வேண்டும் என்பது உடன் வேலைபார்த்த டாக்டரம்மாவின் கட்சி. பார்த்துவிடுவோம் என்று பாதிப் பேருக்கு அட்டை, பாதிப் பேருக்கு ஆள் எனப் பிரித்தோம். நடிக்க வந்தவர்தான் வார்டு ஆயாம்மா, மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் இரண்டு முறை வாசித்ததும் அட்டை முழுவதையும் ஒப்பித்துவிட்டார்: மூன்று நாளாக மேல்வயிற்றில் எரிச்சல், வெறும் வயிற்றில் அதிகம். நான் வைத்திருந்த விடை அல்சர். விடிய விடியக் கூத்துப் பார்த்துத் தேறியவர் ஆயிற்றே, அவர் முனகிய முனகலில் என் வயிற்றையே தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அட்டைக்காரர்கள் அத்தனை பேரும் அல்சர் என்று எழுதினார்கள். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. ஆயாம்மாவிடம் கேட்டவர்களில் ஒரு பெண் மட்டும் அவரை முதலில் உட்காரச் சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, “வேற என்னம்மா பண்ணுது?” என்றாள். அதற்கு அட்டையில் பதில் இல்லை. ஆயாம்மா சற்றுத் திகைத்து, “காலு ரெண்டும் எரியுது. தண்ணி தவிச்சிக்கினே இருக்குது. ராவுல நாலு வாட்டி எழுந்து போறேன்” என்றார். அந்தப் பெண் அல்சரோடு சர்க்கரை நோயும் இருக்கலாம் என்று எழுதினாள். அட்டையில் இல்லாததை எழுதியதற்காக நான் முட்டை மதிப்பெண் போட்டேன். மதிப்பெண்ணைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. “ஆயாம்மாவுக்கு ரத்தம் மட்டும் பார்த்துடலாமா சார்?” என்றுதான் கேட்டாள்.

“நடிப்பும்மா அது” என்று சிரித்துவிட்டு ஆயாம்மாவைக் கடிந்துகொண்டேன். “நான் சொல்லிக் குடுக்காததை ஏன் சொன்னீங்க?”

“அது நடிப்பு இல்ல சார். அந்தப் பொண்ணு கேட்டுச்சு, எனக்கு இருக்கறத சொன்னேன். எத்தினி வருசமா உங்களுக்கு டீ கொண்டாறேன், நீங்க எங்க கேட்டீங்க?”

வெட்கமாகப் போய்விட்டது. அன்றே ரத்தம் எடுத்தோம். சர்க்கரை முந்நூறைத் தாண்டி நின்றது. முட்டையை அடித்து முழு மதிப்பெண் போட்டேன். டாக்டரம்மா அதை மருத்துவமனை முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஆயாம்மா மாத்திரையும் கையுமாக அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நோயாளி வேஷம் கட்டினார்.

போன மாதம் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். கையில் வேர்க்கடலைப் பொட்டலம், அவர் பாஷையில் மல்லாட்டை; முகத்தில் அதே சிரிப்பு. நலம் விசாரித்தேன். என் பேருந்து வந்துவிட்டது. “வர்றேன் ஆயாம்மா” என்று நகர்ந்தவனை, “இன்னா சார், அவ்ளோதானா?” என்று மடக்கினார்.

“வேற என்ன ஆயாம்மா?” என்றேன். அவ்வளவுதான், அந்தப் பேருந்து போயிற்று, அடுத்ததும் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ரத்தம் பார்த்த அன்று, நடிப்பவருக்காக எழுதிய சிவப்பு வரி இன்னும் மங்கவில்லை: ‘வேறு என்ன என்று கேட்கிறவரிடம் உள்ளதைச் சொல்லவும்.’